ஓசி லாபம்

4,12,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு மேலாக யார் கேட்டாலும் "கொஞ்சம் போச்சு" என்று மழுப்பியே பழகிவிட்டது, வீட்டிலும் முதலில் அப்படித்தான் சொன்னேன், அவள் பாஸ்புக்கைப் பார்த்த அன்று ராத்திரி யாருக்கும் சோறு இறங்கவில்லை. 2021 செப்டம்பரில் ஆரம்பித்து 2022 ஜூன் வரைக்கும் பேங்க் நிஃப்டி வாராந்திர ஆப்ஷன்களில், அதாவது வங்கி ஷேர்களின் குறியீடு ஏறுமா இறங்குமா என்று வாரக் கெடு வைத்துப் பந்தயம் கட்டுகிற மாதிரியான வியாபாரத்தில், விட்ட பணம். அதில் பாதிக்கு மேல் ஹெவி டெபாசிட். மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நம் ஊரில் ஒத்தி, போகியம் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்: வீட்டுக்காரர் கையில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. சயான் கோலிவாடா ரூமைக் காலி செய்தபோது அந்தப் பணம் கைக்கு வந்தது. அடுத்த வீட்டுக்கு மூன்று மாதம் இருக்கிறதே, அதுவரை சும்மா கிடப்பானேன் என்று நினைத்தேன். அந்த மூன்று மாதத்தில் தீர்ந்துவிட்டது.

அண்ணாச்சியிடம் நான் போனது கடன் கேட்கத்தான். புத்தி கேட்கும் நிலைமையில் அப்போது நான் இல்லை.

அண்ணாச்சி செம்பூர் சேடா நகரில் இருக்கிறார், அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், உடன்குடிப் பக்கம். 1969இல் பத்தொன்பது வயதில் பம்பாய்க்கு வந்து, தாராவியில் ஒரு சொந்தக்காரர் மளிகைக்கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்துவிட்டு, 1972இல் கோட்டைப் பகுதியில் ஒரு குஜராத்தி சேட்டின் ஷேர் புரோக்கர் ஆபீஸில் எடுபிடியாகச் சேர்ந்தவர். ஷேர் சர்டிஃபிகேட் கட்டுகளையும் டிரான்ஸ்ஃபர் பாரங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பங்குச் சந்தை இருக்கும் தலால் தெருவில் ஆபீஸ் ஆபீஸாக நடப்பதுதான் வேலை. அப்போதெல்லாம் ஷேர் என்றால் காகிதம். விற்றவர் போட்ட கையெழுத்து கம்பெனியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் "பேட் டெலிவரி" என்று திரும்பி வந்துவிடும், மறுபடி அலைய வேண்டும். அப்படித் திரும்பி வந்த கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தேன் என்பார். சேட்டிடம் குஜராத்தியும் கணக்கும். இன்றைக்கு அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்டால் "பசிக்கு இருக்கு" என்பார். ஆனால் ஊரில் இருந்து வரும் உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டுக் கொடுக்கும் காப்பியைப் பார்த்து யாரும் இவர் ஐம்பது வருஷமாக மார்க்கெட்டில் இருக்கிறவர் என்று சொல்ல மாட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலி, ஓரம் தேய்ந்த லுங்கி, முருகன் காலண்டர்.

ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னார். வட்டி வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. "நீ மொத மொதல்ல ஷேர் வாங்குன நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் உள்ள சிட்டை அம்புட்டையும் பிரிண்ட் எடுத்துட்டு வா. வாசிக்கணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஜெராக்ஸ் கடையில் 43 பக்கம் வந்தது. பிரிண்ட் போட்ட பையன் ஒவ்வொரு பக்கமாக எடுத்து அடுக்கும்போது சிவப்பு எண்களைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், அதை மறக்க மாட்டேன். நான் அந்தக் கடைசிப் பத்துப் பக்கத்துக்குத்தான் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ரஷ்யா உக்ரைன் சண்டை, ரிசர்வ் வங்கி திடீரென்று மே மாதம் வட்டியைக் கூட்டியது, டெலிகிராம் குரூப்பில் ஒருத்தன் வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு "ஜீரோ டு ஹீரோ" என்று கொடுத்த டிப், இப்படி எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. அண்ணாச்சி அந்தப் பக்கங்களைத் திறக்கவே இல்லை. கட்டைத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இது என்ன, 2020 ஏப்ரலா?"

ஆமாம். ஊரடங்கு நேரம். மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் மும்பைச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்து 25,981க்கு வந்து நின்றது, ஞாபகம் இருக்கும். அடுத்த இரண்டு வாரத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி போனிலேயே கணக்கைத் திறந்து, 60,000 ரூபாய்க்கு நான்கு கம்பெனி வாங்கினேன். வருஷக் கடைசியில் சென்செக்ஸ் 47,000ஐத் தாண்டியது. என் 60,000, 1,34,000 ஆனது. ஆபீஸில் இரண்டு பேருக்கு நான் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

"ஏன் வாங்குனே?"

"விலை ரொம்ப இறங்கியிருந்துச்சு அண்ணாச்சி."

"அன்னைக்கு எது இறங்கல?"

பதில் இல்லை.

"இந்த நாலும் என்ன தொழில் செய்யுதுன்னு தெரியுமா?"

ஒன்று மருந்து. ஒன்று ஏதோ கெமிக்கல். மற்ற இரண்டும்... சொன்னால் சிரிப்பீர்கள், ஒன்றின் பெயரே எனக்கு அப்போது மறந்துவிட்டிருந்தது. அண்ணாச்சி சட்டைப்பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் குறுக்கே "ஓசி" என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்று வந்தது, அந்த 43 பக்கத்தில் எனக்குப் பெருமை இருந்த ஒரே பக்கம் அதுதான். அவர் நிமிராமலே சொன்னார்: "இந்த 74,000 ரூவாதாம்லே உன் நாலு லட்சத்த இழுத்துட்டுப் போனது. மொத தடவையே நட்டப்பட்டிருந்தேன்னா பயந்து ஓடியிருப்பே. வெவரம் தெரியாம செஞ்சே, துட்டு வந்துட்டு. உனக்கு வெவரம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே."

பிறகுதான் உள்ளே போய் அவருடைய சோப்டாவை எடுத்துக்கொண்டு வந்தார். சோப்டா என்றால் குஜராத்திகள் தீபாவளிக்குப் பூஜை போட்டு ஆரம்பிக்கும் சிவப்புத் துணி அட்டைக் கணக்கு நோட்டு. சேட் எல்லாச் சிப்பந்திகளுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பாராம், மற்றவர்கள் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுத, இவர் ஷேர் எழுதினார். கட்டம் போட்டிருக்கிறது: தேதி, கம்பெனி, எத்தனை, என்ன விலை. இது வரைக்கும் எல்லாரும் எழுதுவதுதான். அடுத்த கட்டம் "ஏன்". அதற்கடுத்தது "எது நடந்தால் விற்பேன்". கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார், மூன்று வருஷம் கழித்துச் சிவப்புப் பேனாவில் நிரப்புவதற்கு. விற்றிருந்தாலும் சரி, வைத்திருந்தாலும் சரி, மூன்று வருஷம் கழித்து அந்தக் காரணம் பலித்ததா என்று மட்டும் பார்ப்பார்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் நான்கே நான்கு வார்த்தைகள்தான் மாறி மாறி வருகின்றன. காரணமும் பலித்து லாபமும் வந்திருந்தால் "உழைப்பு". காரணம் சரி, ஆனால் நட்டம் என்றால் "மழை இல்லை". பனையும் மானாவாரியும் பார்த்து வளர்ந்தவர், விதைத்தது தப்பில்லை வானம்தான் ஏமாற்றியது என்று அர்த்தம். காரணமும் தப்பு நட்டமும் வந்தது என்றால் "பீஸ்", பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற பீஸ். காரணம் தப்பாகி லாபம் மட்டும் வந்திருந்தால் "ஓசி". முதல் மூன்றையும் சமாளித்துவிடலாம், நான்காவதுதான் ஆளைக் கொல்லும் என்பது அவர் கணக்கு. நட்டப்பட்டவன் தன் காரணத்தைத் திரும்பிப் பார்ப்பான். லாபம் வந்தவன் எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறான்?

யோசித்துப் பார்த்தால் நாம் பேசும் எல்லாப் பேச்சும் இதற்கு நேர் எதிர். லாபம் வந்தால் நல்ல முடிவு, நட்டம் வந்தால் கெட்ட முடிவு. ஹெல்மெட் போடாமல் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் தாணே வரைக்கும் போய்ப் பத்திரமாகத் திரும்பியவனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லை, ஷேரில் மட்டும் சொல்கிறோம்.

சோப்டாவில் இருந்து இரண்டு மூன்று பதிவுகளையாவது சொல்லியாக வேண்டும்.

பழைய நோட்டில் முன்பக்கமாகவே கோல்கேட் இருக்கிறது, 1970களின் கடைசி. அந்தக் காலத்துக் கதை தெரியாதவர்களுக்கு: 1973இல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, ஃபெரா என்பார்களே, அதன்படி இங்கே தொழில் செய்த வெளிநாட்டுக் கம்பெனிகளில் பலவும் தாய்க் கம்பெனியின் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டி வந்தது. கோகோ கோலாவும் ஐபிஎம்மும் மாட்டோம் என்று கிளம்பிப் போயின. கோல்கேட், ஹிந்துஸ்தான் லீவர் மாதிரி இருந்தவை நம் ஜனங்களுக்கு ஷேர் விற்றன. என்ன விலைக்கு விற்கலாம் என்பதை அப்போது கம்பெனி முடிவு செய்ய முடியாது, டெல்லியில் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் என்று ஒரு அதிகாரி முடிவு செய்வார், அவர் பொதுவாகக் குறைத்தே வைப்பார். அண்ணாச்சி போனஸ் பணத்தில் ஒரு சின்ன லாட் வாங்கியிருக்கிறார். "ஏன்" கட்டத்தில் எழுதியிருப்பது: "ஊரில் கோபால் பல்பொடி வாங்கிய வீடுகளில் பிள்ளைகள் இப்போது பேஸ்ட் கேட்கிறார்கள்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இதுதான் அண்ணாச்சி, ஒரு பெரிய முதலீட்டாளர் உருவான தருணம் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். கடைசிக் கட்டத்தைப் பார்த்தால் சிவப்பில் "பாதி ஓசி" என்று இருக்கிறது.

"அதுல சம்பாதிச்சது பல்பொடியாலயும் இல்ல பேஸ்டாலயும் இல்லடே. சர்க்காரு வெலையக் கொறச்சு வச்சிருந்தான். பாதி லாபம் வாங்குன அன்னைக்கே உள்ள இருந்துது. அது எனக்கு அப்போ தெரியாது. பின்னால சேட்டு சொல்லித்தான் தெரியும்."

இந்த ஒரு பதிவுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. நாற்பது வருஷமாகச் சொல்லிப் பெருமைப்படத் தோதான ஒரு கதையைத் தானே எடுத்துக் கிழித்துப்போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

அடுத்தது 1992 மார்ச். 1990 ஜூலையில்தான் சென்செக்ஸ் முதன்முதலாக 1,000ஐத் தொட்டது, 1992 ஏப்ரலில் 4,467. வங்கிப் பணத்தை வைத்து ஷேர் விலையை ஏற்றிவிட்ட புரோக்கர் ஹர்ஷத் மேத்தாவின் காலம். ஏசிசி சிமெண்ட் ஷேர் சுமார் 200 ரூபாயில் இருந்து 9,000 வரைக்கும் போனது. தலால் தெருவில் பெட்டிக்கடைக்காரர் வெற்றிலையைத் தடவிக்கொண்டே டிப் கொடுப்பாராம். அண்ணாச்சி இருபது வருஷ அனுபவஸ்தர் அப்போது. அவரும் வாங்கியிருக்கிறார், பேர் சொன்னால் இன்றைக்கு யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனி, 500 ஷேர். "ஏன்" கட்டத்தில்: "பியூன் வரைக்கும் வாங்கிவிட்டான்." அவ்வளவுதான். "எது நடந்தால் விற்பேன்" காலி. அந்த நோட்டு முழுக்க அந்தக் கட்டம் காலியாக இருக்கும் ஒரே இடம் அதுதான். ஏப்ரல் கடைசியில் வங்கிப் பத்திர ஊழல் பத்திரிகையில் வந்தது, 28ஆம் தேதி ஒரே நாளில் சந்தை 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த 500 ஷேர் சர்டிஃபிகேட்டுகளும் இன்னும் சோப்டாவுக்குள்ளேயே இருக்கின்றன, கெட்டியான காகிதம், ஓரத்தில் கல்யாணப் பத்திரிகை மாதிரி கொடி வேலைப்பாடு, பின்னால் வரிசையாக ஒட்டிய டிரான்ஸ்ஃபர் ஸ்டாம்பு. பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். சிவப்பில் "பீஸ்".

சேட் அடிக்கடி "பாவ் பகவான் சே" என்பாராம், தலால் தெருவில் எல்லாரும் சொல்கிற குஜராத்தி வசனம், விலைதான் கடவுள் என்று அர்த்தம். மார்க்கெட் சொல்கிற விலையோடு சண்டை போடாதே என்பதற்காகச் சொல்வது. அன்றாடம் வாங்கி விற்கும் புரோக்கருக்கு அது சரியான புத்திதான். அண்ணாச்சி இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். "அவாளுக்கு பாவ் பகவான். நமக்குப் பாவ்னா பாவம்தான்."

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்த பதிவு, வாங்கியது பற்றியதே இல்லை, விற்றது. 1998 அக்டோபர், அரசு சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனமான யூனிட் டிரஸ்டின் யூஎஸ்-64. 1964இல் ஆரம்பித்த திட்டம், ஒரு தலைமுறை நடுத்தரக் குடும்பமே ரிட்டயர்மெண்ட் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்ட இடம். அதில் யூனிட்டின் விலையை, உள்ளே இருக்கும் ஷேர்களின் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடாமல் அவர்களே அறிவிப்பார்கள். 1998இல் அதன் கையிருப்பு எதிர்மறையாகிவிட்டது என்று வெளியே வந்தபோது அண்ணாச்சி தன்னுடையது, மச்சினன் உடையது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டார். காரணம்: "விலை எப்படிப் போடுகிறார்கள் என்று புரியவில்லை." அடுத்த இரண்டு மூன்று வருஷம் மச்சினன் இவரோடு பேசவில்லை, ஏனென்றால் அரசாங்கம் கைகொடுத்தது, டிவிடெண்ட் தொடர்ந்து வந்தது, மற்றவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தப் பேச்சு வரும். 2001 ஜூலையில் யூனிட்டை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள். இதை அவர் சொல்லும்போது நான் எதிர்பார்த்தது, பார்த்தாயா நான் சொன்னது பலித்தது என்ற ஒரு வரி. அவர் சொன்னது: "2001இல அப்படி நடக்காமப் போயிருந்தாலும் நான் வித்தது சரிதான்டே. அத எப்படி மச்சினனுக்குப் புரிய வைக்க?" கடைசிக் கட்டத்தில் மூன்று வருஷக் கெடு முடிவதற்கு முன்னாலேயே, 1999 தேதி போட்டு, "மழை இல்லை" என்று ஒருமுறை எழுதி, பிறகு அதை அடிக்காமலே கீழே "உழைப்பு" என்று 2001இல் எழுதியிருக்கிறார். இரண்டும் இருக்கட்டும் என்றார்.

இதையெல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டேனியல் கானமன் என்ற உளவியலாளருக்கு 2002இல் பொருளாதார நோபல் கொடுத்ததே மனிதர்கள் பண விஷயத்தில் எப்படியெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று காட்டியதற்குத்தான். நூறு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலையும் வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அவரும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் கண்டார்கள். நட்டத்தில் இருப்பதை விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டும் லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்றுக்கொண்டும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் 43 பக்கத்தில் இது அப்பட்டமாக இருந்தது. லாபம் வந்தால் 800, 1,200 என்று எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், நட்டம் என்றால் 22,000 வரைக்கும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை 96 ரூபாய்க்கு வாங்கிய கால் ஆப்ஷன் 40க்கு வந்தபோது இன்னும் வாங்கி, 11க்கு வந்தபோது இன்னும் வாங்கி, மூன்றரை மணிக்கு அது 0.05 ஆக நின்றது. ஆபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டு செய்த வேலை.

2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு அறிக்கை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில், அதாவது 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை, எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம்) இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள். ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். (என் பங்கு சராசரியைவிட இரண்டு மடங்கு. எதிலாவது சராசரிக்கு மேலே இருக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார்.) அதைப் படித்த வாரமே போனேன், அவருக்கு வாசித்துக் காட்ட. கேட்டுவிட்டுக் காப்பியை ஆற்றிக்கொண்டே, "93ன்னு சொன்னதும் மீதி 7 பேரு என்ன பண்ணான்னு கேக்கத்தானே உனக்குத் தோணுச்சு?" என்றார்.

அதேதான் தோன்றியது. ரயிலில் வரும்போது கோவண்டி தாண்டியதும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவருக்கு இது புதுசாகப் படவில்லை. பத்லா பார்த்தவர். பத்லா என்பது பணம் முழுக்கக் கொடுக்காமல் வட்டி கட்டிக் கணக்கை அடுத்த செட்டில்மெண்டுக்குத் தள்ளிக்கொண்டே போகும் பழைய முறை, 2001இல் நிறுத்தினார்கள். "அன்னைக்குப் பத்லா, இன்னைக்கு ஆப்ஷன். பேரு மாத்திருக்கான், அம்புட்டுதான்." இரண்டும் வேறு வேறு சங்கதி, வாதம் பண்ணினால் நான் ஜெயித்திருப்பேன். ஆனால் 4,12,000 விட்டவன் எந்த வாயை வைத்துக்கொண்டு வாதம் பண்ணுவது. "இப்ப ஒரு கேணி இருக்கு. நூறு பேரு எறங்குனான், ஏழு பேருதான் ஏறி வந்தான். நீ எறங்குமுன்ன யாரக் கேக்கணும்? ஏறி வந்தவன் மேல நின்னு பேசுதான், அவங்கிட்டதான் கேக்க முடியும். கீழ கெடக்கவன் பேச மாட்டான்லா."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தி, தன்னையே அதில் சேர்த்துக்கொண்டார், அதுதான் எனக்கு அதிர்ச்சி. சேட் ஆபீஸில் இவர்கள் ஒன்பது பேர். எல்லாருமே ஷேர் வாங்கியவர்கள்தான், எல்லாரும் ஒரே தகவலைக் கேட்டவர்கள்தான். ஒருவர் 1992க்குப் பிறகு ஊருக்கே போய்விட்டார். ஒருவர் பொண்டாட்டி நகையை அடகு வைத்து பத்லா கட்டி, கடைசியில் முல்லுண்டில் இருந்த ஃபிளாட் போனது. இரண்டு பேர் பயந்து 1980களிலேயே விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். "நீ என்னய மட்டும் பாத்துட்டுப் போகாத. நானும் ஏறி வந்தவன் கணக்குதான். என் மொத நோட்டுல 38 இருக்கு, அதுல 14 ஓசி. ஓசி இல்லாம இருந்தா நானும் அந்த ஆளு கூட ஊருக்குப் போயிருப்பேன்."

அவர் சொல்கிற எல்லாமே எனக்குச் சம்மதம் என்றில்லை. மியூச்சுவல் ஃபண்ட் என்றாலே முகம் சுளிப்பார், யூஎஸ்-64 வடு ஆறவில்லை. என்னை மாதிரி காலை எட்டு மணிக்கு மான்கூர்டில் ரயிலேறி ராத்திரி எட்டுக்கு வீட்டுக்கு வருகிறவனுக்கு குறியீட்டில் உள்ள கம்பெனிகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் சரி என்று நினைக்கிறேன், சேமிப்பில் முக்கால்வாசி அங்கேதான் போகிறது, அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். "ஏன்னு எழுதி வச்சிருக்கியா?" என்றார். எழுதி வைத்திருக்கிறேன். சரி என்றார்.

வங்கி டெபாசிட் விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே செய்தேன், இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டு வருஷச் செலவுக்கான பணம் ஷேர் பக்கமே போகக் கூடாது, ஒரே வங்கியிலும் கிடக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் மும்பையிலேயே ஒரு கூட்டுறவு வங்கிக்குக் கட்டுப்பாடு வந்து, முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று சொன்னபோது கிளை வாசல்களில் நின்று அழுதவர்களைப் பார்த்திருப்பீர்கள். டெபாசிட் காப்பீடு அப்போது 1 லட்சம், 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆக்கினார்கள். ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு அவ்வளவுதான். அப்புறம் நாமினி போடச் சொன்னார், அன்றைக்கே அவர் முன்னாலேயே போனில் போட்டேன். அப்பாவின் பழைய ஷேர் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு, 1983இல் போட்ட கையெழுத்தும் 2010இல் போட்ட கையெழுத்தும் ஒத்துப்போகாமல் அலையும் பிள்ளைகள் இன்றைக்கும் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். ஏழு வருஷம் டிவிடெண்டை வாங்காமல் விட்டால் ஷேரே அரசு நிதிக்குப் போய்விடும், அதைத் திரும்ப வாங்குவது தனிக் கதை.

கடனை 2024 தீபாவளிக்கு முன்னால் தீர்த்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு சோப்டா கொடுத்தார், மஸ்ஜித் பந்தரில் வாங்கியது, முதல் பக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து. அதில் இதுவரை ஆறு பதிவு எழுதியிருக்கிறேன். "ஏன்" கட்டம் எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வரிதான், ஆனால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து, மூடி வைத்துவிட்டு, வாங்காமலே விட்டவை எழுதியதைவிட அதிகம்.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்று வருஷம் ஆகவில்லை, சும்மா காட்டலாம் என்றுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். நான்காவது பதிவு வாங்கிய விலைக்கு 31 சதவீதம் மேலே நிற்கிறது, அதைப் படிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். அவர் விரல் "ஏன்" கட்டத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு சட்டைப்பையைத் தடவிச் சிவப்புப் பேனாவை எடுத்து, கெடு எதுவும் பார்க்காமல், கடைசிக் கட்டத்தில் இரண்டே எழுத்து எழுதினார்.

அங்கே நான் எழுதியிருந்தது: "அண்ணாச்சி வைத்திருக்கிறார்."

"நான் போன வருசமே வித்துட்டேனே தம்பி" என்றார்.

ஏன் விற்றார் என்று சொல்லவில்லை. உன் நோட்டில் நீ எழுது, நாளைக்கு இதே விலையில் புதுசாக வாங்குவதாக இருந்தால் என்ன எழுதுவாயோ அதை எழுது, எழுத வரவில்லை என்றால் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னார். ஒரு வாரமாக அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், கடன் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறேன், ஒரு குறிப்பு சரியாகப் புரியவில்லை. இன்று ஞாயிறு, ராத்திரி பதினொன்று ஆகிறது. காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்துவிடும். நோட்டு எதிரே விரித்துக் கிடக்கிறது, கட்டம் இன்னும் காலி.